ஒப்புகை அட்டை

பிப்ரவரி 8, 1993, திங்கள்

பள்ளிச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி. வீட்டுக்கு வந்து பனிக்காலணியைக் கழற்றுவதற்குள் என் மகள் கைசா சொல்லிவிட்டாள். ஏழு வாரக் கர்ப்பமாம். அதற்குக் காரணமான பையன் ஜனவரியிலேயே கழன்றுகொண்டான். "எனக்கு வேண்டாம்மா. பத்து நாளா யோசிச்சுட்டேன்." மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே பதில். அவளுக்குப் பதினேழு வயது. நான் அடிப்பேனோ என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாளே, அதுதான் தாங்கவில்லை. நான் என்றைக்கடி உன்னை அடித்தேன்?

பிப்ரவரி 9

டுலூத் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். நர்ஸ் நல்ல மாதிரி. "பதினெட்டு ஆகலைன்னா, கருவைக் கலைக்கிறதுக்கு முன்னாடி பெத்தவங்க ரெண்டு பேருக்கும் தெரிவிக்கணும்மா. நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருக்கணும். தெரிவிக்க வேண்டாம்னா ஜட்ஜ்கிட்ட போகலாம். அப்பா எங்கே இருக்கார்னே தெரியலைன்னா, நீங்க ஒருத்தர் போதும்."

"எங்கே இருக்கான்னு தெரியாது" என்றேன். எட்டு வருஷத்துக்கு முன் இரும்புச் சுரங்கத்தில் ஆட்குறைப்பு செய்தபோது, வயோமிங்கில் நிலக்கரி வெட்டப் போகிறேன் என்று கிளம்பியவன் டேல். போனவன் போனவன்தான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பக்கத்தில் நின்ற கைசா. ஓடிப்போய் ஒரு உறையை எடுத்து வந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து. மூலையில் அவன் கையெழுத்தில், கில்லெட், வயோமிங்.

போனைப் பொத்திக்கொண்டு, "ஏண்டி?" என்றேன்.

"சட்டம்னா சட்டம்தானேம்மா."

பொய். நூலகப் புத்தகத்தைக்கூட நாள் பார்த்துத் திருப்பிக் கொடுக்காதவள். ஆனாலும் முகவரியைச் சொன்னேன். இன்றே பதிவுத் தபாலில் அனுப்புகிறார்களாம். சனிக்கிழமை வரச் சொன்னார்கள்.

பிப்ரவரி 10

சமையலறையில் என்னோடு வேலை செய்கிற ஹெல்மி கேரட் நறுக்கிக்கொண்டே பேப்பரில் வந்ததைப் பேசினாள், அந்தச் சட்டத்தைப் பற்றித்தான். அவளுக்கு எதுவும் தெரியாது.

"பெத்தவன்னா பெத்தவன்தானே, ஆர்டிஸ். பேருக்காவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"அடிக்கிற அப்பனா இருந்தா?"

"அதுக்குத்தான் ஜட்ஜ் இருக்காரே."

"பதினாறு வயசுப் பொண்ணு ஜட்ஜ் முன்னாடி நின்னு இதையெல்லாம் சொல்லுவாளா?"

"இந்தச் சட்டம் வேணும்னு நீயே சர்ச்சுல மனுவுல கையெழுத்துப் போட்டவதானே. இப்போ என்ன புதுசா?"

போட்டேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், சர்ச்சின் அடித்தளத்தில், காபி அண்டாவுக்குப் பக்கத்தில். மேசைக்கடியில் கைசா விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாமல் என் பெண்ணா என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல வரவில்லை. ஆனால் என்னிடம் அவளைச் சொல்லவைத்தது சட்டமா? இல்லையே. அவளாகத்தானே வந்து சொன்னாள்.

பிப்ரவரி 11

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கைசா வாசலில் பனி அள்ளினாள். என் காருக்கு வழி செய்தாள், சரி. பிறகு பக்கத்து இடத்தையும் அள்ளினாள். டேல் தன் டிரக்கை நிறுத்துகிற இடம். எட்டு வருஷமாக யாரும் அங்கே வண்டி நிறுத்தியதில்லை. சிமென்ட் தெரிகிற வரை அள்ளி, மறுபடி உறையாமலிருக்க உப்பும் தூவினாள்.

இதற்காகத்தானா முகவரி கொடுத்தாய்? அந்தக் கடிதம் அவனைக் கூட்டிவந்துவிடும் என்றா?

நான் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கும்போது என் கை மூன்றாவது தட்டுக்குப் போனது. சீ, எனக்கே வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 12

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். வாக்குவம் கிளீனர் விற்கிறவன்.

பிப்ரவரி 13, சனி

முடிந்தது. நல்லபடியாக இருக்கிறாள். உள்ளே போகுமுன் நர்ஸிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எங்கப்பா கூப்பிட்டாரா?"

"இல்லைம்மா. அவர் சம்மதம் வேணும்னு இல்லை. தெரிவிச்சா போதும்."

திரும்பும்போது என் கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். வீட்டு வாசலில் அவள் அள்ளிய இடத்தை மறுபடியும் பனி மூடியிருந்தது.

பிப்ரவரி 27

மறுபரிசோதனை. கைசா உள்ளே இருந்தபோது நர்ஸ் ஒரு பச்சை அட்டையைக் கொடுத்தாள். "தபாலோட ஒப்புகை. நகல் எடுத்துட்டோம். நீங்க வச்சுக்கணும்னா வச்சுக்கங்க."

டேல் நுர்மி. பிப்ரவரி 11. அவன் கையெழுத்தேதான். வியாழக்கிழமையே வாங்கியிருக்கிறான். இவள் உப்புத் தூவிய அதே நாள். கிளம்பிவர வேண்டாமடா, பாவி, ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?

காரில் கேட்டாள். "அந்த லெட்டர் என்னாச்சும்மா?"

"திரும்பி வந்துடுச்சு. யாரும் வாங்கலையாம்."

"அப்போ அப்பாவுக்குத் தெரியவே தெரியாது." முகம் அப்படியே தெளிந்துவிட்டது. வழியில் முழு பர்கரைச் சாப்பிட்டாள். அட்டையைச் சமையல் குறிப்புப் பெட்டியில், யாரும் தொடாத ஊறுகாய்ப் பகுதியில் செருகி வைத்தேன். தெரிவிக்க வேண்டும் என்று அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவள் என் பெண்ணுக்கே தெரிவிக்கவில்லை.

மே 16, ஞாயிறு

பள்ளிப் படிப்பு முடிகிற விழாவுக்கு அழைப்பிதழ்கள். மேசை முழுக்க உறைகள். நாற்பத்தொன்றில் முகவரி எழுதிவிட்டாள். ஒன்றில் 'அப்பா' என்று மட்டும் இருந்தது.

"அவர் அங்கே இல்லையேம்மா. லெட்டர் திரும்பி வந்துடுச்சே. இனிமே எங்கேன்னு தேடுறது?"

ஆக, அவளிடமிருந்த அந்த ஒரு முகவரியையும் என் பொய் பிடுங்கிவிட்டது. பேனாவை வாங்கி உறையில் கில்லெட் முகவரியை எழுதினேன். பெட்டியிலிருந்து பச்சை அட்டையை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

அப்பாவின் கையெழுத்தையும் தேதியையும் வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை.

பிறகு ஒரு ஸ்டாம்பை நாக்கில் தொட்டு உறையில் ஒட்டினாள்.

"சாதாரணத் தபால்தானேம்மா? இதுக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டாம்ல?"

"வேண்டாம்" என்றேன்.