முதல் விருப்பம்

அண்ணா,

படிக்கப் போவது நீயா, நானா? நேற்று நீ கத்தியபோது மனதுக்குள் கேட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். மூன்று பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தையும் வரிவரியாகப் படித்துத்தான் என் விருப்பப் பட்டியலைப் போட்டேன். நீ சேர்க்கை இணையதளத்தில் என் கணக்கில் நுழைந்து, அன்று உன்னைச் சேர்த்துக்கொள்ளாத கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையை முதலில் ஏற்றியிருக்கிறாய். “என்னத்தான் வேணாம்னானுங்க, நீ போய்ச் சேந்து காட்டு” என்கிறாய். உன் ரோஷம் தீர நான் ஏன் நாலு வருஷம் படிக்க வேண்டும்?

சாப்பாடு அடுப்பின் மேல். பதினோரு மணிக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரர் வருவார். அவரிடமாவது அதட்டாமல் பேசு.

இன்னொன்று: நீ செய்த மாற்றத்தை உறுதிசெய்ய என் போனுக்கு ஓடிபி வரும், போனை வைத்துவிட்டுப் போ என்றாய். பட்டியலை மாற்றும் அவகாசம் இன்று மாலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும்; உறுதிசெய்யாவிட்டால் என் பழைய பட்டியலே நிற்கும். நான் வர ஆறாகும். போனை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.