பாதி வழி பெஞ்சு

அடி என் கலா,

உன் நீல டப்பாவைத் திருப்பிக் கொடுக்க இன்று கிளம்பினேன். வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாதே என்று பருப்புப் பொடி அரைத்து நிரப்பினேன். நீ போய் ஐந்து மாதம் கழித்து யாருக்கடி இந்தப் பொடி என்று மிக்ஸி முன்னால் நின்று அழுதேன். உன் பெயரை எடுத்தாலே உன் அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

காரில் போனால் பத்து நிமிஷம். ஆனால் நமக்கு வழி என்றால் அந்தப் பழைய ரயில் பாதைதானே. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் பொடிக்கல் பரப்பி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்ட பாதை. ஒரு முனையில் என் வீடு, மறுமுனையில் உன் வீடு. சனிக்கிழமை காலை நான் இங்கிருந்து கிளம்புவேன், நீ அங்கிருந்து. எட்டு மணிக்கு இரும்புப் பாலத்துப் பக்கம் பெஞ்சில் சந்திப்பு. "இதுதான் அண்ணி கரெக்டா பாதி" என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். நானும் தலையாட்டிவிட்டேன்.

இந்த நாட்டில் எல்லாரும் வலப்பக்கம் போக, நான் இன்றும் நம்ம ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கமாகவே நடந்தேன். சைக்கிள்காரர்கள் மணியடித்து முறைத்தார்கள். முறைக்கட்டும். ரயில் போன பாதை, நேர்க்கோடு. வருகிறவர்களை வெகு தூரத்திலேயே பார்த்துவிடலாம். முதலில் உன் ஊதா ஜாக்கெட் ஒரு புள்ளியாகத் தெரியும். அப்புறம் நீ ஓட்டமும் நடையுமாக, மூச்சு வாங்க. எப்போதும் லேட். "மகாராணிக்கு எழுந்திருக்கவே முடியாதோ?" என்பேன். "தூங்கிட்டேன் அண்ணி, ஸாரி" என்று சிரிப்பாய்.

கடைசிச் சனிக்கிழமை நல்ல குளிர். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முட்டி விண்விண்ணென்று வலித்தது. கோபம் தலைக்கேறி, எழுந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஒன்று சொல்லட்டுமா? ஊதாப் புள்ளி தூரத்தில் தெரிந்தது கலா. தெரிந்தும்தான் திரும்பினேன். நீ ஃபோன் பண்ணினாய், எடுக்கவில்லை. ரெண்டு நாள் காயட்டும் என்று இருந்தேன். வியாழக்கிழமை நீ ஆஸ்பத்திரியில். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். என் கோபம் இறங்குவதற்குள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. வருவார்களா என்ன? எழுந்து, முதல் தடவையாகப் பாலத்தைத் தாண்டினேன். நடந்தேன், நடந்தேன், உன் வீடு வரவே இல்லை. ஒரு ரோடு குறுக்கே போயிற்று, இன்னொன்று, மூன்றாவதும். முட்டியைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்று நின்று போனேன். கடைசியில் உன் முனையில் ஒரு பலகை. பாலத்துக்கு இரண்டரை மைல் என்றிருந்தது. என் பக்கத்திலிருந்து பாலத்துக்கு ஒரு மைல்தானே! தப்பாக எழுதிவிட்டான் பாவி என்று அந்தப் பலகையைத் திட்டினேன்.

கதவைத் திறந்த உன் மகள் நிலா என் கோலத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "அத்தை! வாக் பண்ணியா வந்தீங்க? இந்த முட்டியோடயா?"

"உங்கம்மா பாதின்னு சொன்னாளேடி?"

அவள் டப்பாவை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "உங்க முட்டி ஒரு மைல்தான் தாங்கும்னு அம்மா மெஷர் பண்ணிதான் அந்த பெஞ்சை செலக்ட் பண்ணினாங்க. ஷி டிட்ன்ட் வான்ட் யூ டு நோ. சனிக்கிழமைன்னா ஏழுக்கெல்லாம் கிளம்பிடுவாங்க அத்தை."

ஏழுக்கெல்லாம்! அடிப்பாவி, தூங்கிட்டேன் என்றாயே. போக ரெண்டரை, வர ரெண்டரை. அதற்கு நடுவில் என் வசவு வேறு. ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் வராமலே இருந்துவிடுவேன் என்று பயந்தாயா?

நிலாதான் காரில் கொண்டுவந்து விட்டாள். நான் எவ்வளவு சொல்லியும் டப்பாவில் முந்திரி போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். உன் பெண்ணாயிற்றே.

வருகிற சனிக்கிழமை அந்த டப்பாவில் எதையாவது நிரப்பிக்கொண்டு உன் வாசலுக்குக் காரில் வருகிறேன். ஏழு மணிக்கு அங்கிருந்து நடப்பேன். எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தாலும் சரி, இனி உன் பக்கம் என்னுடையது. பெஞ்சுக்கு வந்ததும் காத்திருப்பேன், திரும்பிப் போகவே மாட்டேன். நீ மெதுவாக வா. ஓடி வராதே.

பாதி வழி வந்துகொண்டிருப்பதாகவே நம்பியிருந்த
உன் அண்ணி