கோல் கும்பஸில் கேட்டது

குதைபியா, மனாமா
12 ஜனவரி 2025

அன்புள்ள தியாகு,

இங்கே நானும் என் முழங்கால் வலியும் சுகம். நீங்களும் உங்கள் காதும் எப்படி?

போன கிழமை போனில் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "மதுஷா பீஜப்பூருக்குப் போறாள்" என்று நான் சொல்ல, "ஆருக்குப் பீனிசம்?" என்று கேட்கிறீர்கள். பக்கத்து ஃபிளாட் மலையாளிப் பெண் ஏதோ சண்டை என்று நினைத்துக் கதவைத் தட்டிவிட்டாள். இருபது வருசம் ஜெனரேட்டர் அறையில் நின்ற காதோடு எனக்கென்ன கோபம்? இனிக் கடிதம்தான்.

விசயம் இதுதான். பெங்களூரில் கட்டடக்கலை படிக்கும் என் மகள், பீஜப்பூரில் இருக்கும் கோல் கும்பஸை அளந்து வரையப் போகிறாள். முகமது ஆதில் ஷா என்ற சுல்தானின் கல்லறை அது. அரியணை ஏறிய காலத்திலேயே தன் கல்லறையைக் கட்டத் தொடங்கி, சாகும்வரை கட்டினாராம். அப்படியும் வேலை முடியவில்லையாம். "அம்மா, அவ்வளவு பெரிய கூரைக்கு உள்ளே ஒரு தூண்கூட இல்லை. ப்ளீஸ், வந்து பாருங்கோ" என்று ஒரே கரைச்சல்.

பெப்ரவரியில் லீவு எடுத்துவிட்டேன். மதுஷாவின் அப்பா காலமாகி ஒன்பது வருசமாகிறது. அதற்குப் பிறகு ஊர் பார்க்கவென்று நான் எங்குமே போகவில்லை. உங்களுக்கும் லீவு கிடக்கிறதுதானே? வாருங்கோவன். சாவகச்சேரியில் ஒரே வகுப்பில் படித்த நாட்களில் சுற்றுலா என்றால் முதலில் பஸ் ஏறுவது நீங்கள்தான்.

அன்புடன்,
பத்மாசனி

ஃபஹாஹீல், குவைத்
21 ஜனவரி 2025

அன்புள்ள பத்மா,

உலகத்தில் ஒருவர் இன்னொருவரைக் கடற்கரைக்குக் கூப்பிடுவார், கோயிலுக்குக் கூப்பிடுவார். கல்லறைக்குக் கூப்பிட்ட ஒரே ஆள் நீர்தான். லீவு கேட்கப் போனபோது எங்கள் எகிப்திய மேனேஜர் எங்கே போகிறாய் என்றார். எனக்குத் தெரிந்த அரபியில் "மக்பரா" என்றேன். மனிசன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து, யார் இறந்தது என்று துக்கம் விசாரித்தார். விளங்கப்படுத்துவதற்குள் லீவில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதனால் வருகிறேன்.

இன்னொரு செய்தி. மே மாதத்தோடு என் கொன்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்களாம், கலாஸ், எல்லாம் முடிந்தது. கொக்குவிலில் என் தங்கச்சியின் மகன், மருமகன் பிரதீஸ், தன் வீட்டில் மேல் அறை ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறான். கலியாணம் கட்டாத தனி ஆளுக்கு ஒரு அறை போதும்தானே.

என் அறைத்தோழன் லுக்மான், "தியாகு அண்ணே, அந்த அக்காக்கு நல்ல செண்டு போத்தல் ஒண்டு வாங்கிட்டுப் போங்க" என்று நச்சரிக்கிறான். புத்தளத்து ஆள், வாய் சும்மா இருக்காது. உமக்கு எந்த வாசனை பிடிக்கும் என்று எழுதும். இது அவன் கேட்டது.

அன்புடன்,
தியாகராசா

மனாமா
24 பெப்ரவரி 2025

அன்புள்ள தியாகு,

சுகமாய் வந்து சேர்ந்தேன். செண்டு போத்தல் மேசையில் இருக்கிறது. லுக்மானுக்கு என் நன்றி. வாங்கியது அவரில்லை என்பது எனக்குத் தெரியும்.

கண்ணை மூடினால் இன்னும் அந்தக் கும்மட்டம்தான். ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்ததுபோல வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஏறி, எட்டு மூலையாகி, அந்தப் பெரும் பாரத்தைத் தாங்குகின்றன என்று மதுஷா மூச்சு விடாமல் சொன்னாளே, நீங்கள் தலையாட்டிக்கொண்டே நின்றீர்கள். எவ்வளவு கேட்டதோ! எனக்கு மனதில் நின்றது கீழே மேடையில் கண்ட கல்லறைகள்தான். சுல்தான், மனைவிமார், நாட்டியக்காரி ரம்பா, மகள், பேரன் எல்லோரும் ஒரே மேடையில். உண்மையான உடல்கள் அதற்கும் கீழே நிலவறையில். வாழ்நாள் முழுக்கத் தான் படுக்கப்போகும் இடத்தையே கட்டிக்கொண்டிருந்த மனிசன், எந்த நேரம் ஆறுதலாய் இருந்து சாப்பிட்டிருப்பான்?

அடுத்த நாள் பார்த்த அவன் தகப்பனின் கல்லறை, அந்த இப்ராகிம் ரௌசா, எனக்கு இன்னும் பிடித்தது. ராணிக்கென்று கட்ட, ராசா முந்திப் போய்ப் படுத்துக்கொண்டார். நாங்கள் போடுகிற திட்டமெல்லாம் இப்படித்தான்.

உங்களில் ஒரு குறை. கோபுரப் படியில் ஏறும்போது பகிடி விட்டுக்கொண்டு வந்த ஆள், இறங்கும்போது ஊமையாகிவிட்டீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கத்தமுதல் பார்க்கவேண்டும் என்று வாசல் திறந்த உடனேயே கூட்டிக்கொண்டு போனேன். கிசுகிசுத்தாலும் எதிர்ப்பக்கம் கேட்குமாம் என்ற அந்த வட்ட மாடத்தில் நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சுவரோடு வாய் வைத்து நான் ஒன்று சொன்னேன். கீழே வந்து "ஆ? என்ன சொன்னீர்?" என்று கேட்டீர்கள். "படி கவனம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னது.

லண்டனில் இருக்கும் அக்கா, "இந்த வயதில் ஆம்பிளையோட என்ன ஊர் சுத்தல்?" என்று திட்டித் தீர்த்தாள். இனி ஊர் சுற்ற ஆளில்லை என்றேன். நீங்கள்தான் மேயில் கொக்குவிலுக்குப் போய்விடப் போகிறீர்களே.

பத்மாசனி

ஃபஹாஹீல்
4 மார்ச் 2025

அன்புள்ள பத்மா,

இங்கே நோன்பு தொடங்கிவிட்டது. லுக்மான் வைக்கும் கஞ்சியில் பாதி எனக்குத்தான். அந்தத் தெம்பில் எழுதுகிறேன்.

நீர் "படி கவனம்" என்று சொல்லவில்லை.

அந்தக் காலையில் காது மெஷினின் சத்தத்தை முழுதாய்க் கூட்டிவிட்டு, காதைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். போனில் தொண்டை கட்டக் கத்தினாலும் விளங்காத எனக்கு, அவ்வளவு பெரிய வட்டத்துக்கு அந்தப் பக்கம் நீர் முணுமுணுத்தது அச்சொட்டாய்க் கேட்டது. "இந்த மனுசன் ஒருக்காக் கேட்டால் நான் மாட்டன் எண்டே சொல்லப்போறன்?"

நல்லகாலம் எனக்குப் பின்னால் சுவர் இருந்தது. பிறகு பிள்ளைகள் வந்து கூச்சல் போட, மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். கீழே வந்து "ஆ?" என்று கேட்டது காது கேளாமல் இல்லை. இன்னொருக்கால் உம்முடைய வாயால் கேட்க ஆசை. நீர் படியைச் சொன்னீர். எனக்கும் துணிவு போய்விட்டது.

மருமகனின் மேல் அறையை நினைத்துப் பார்த்தேன். நல்ல அறைதான், காற்று வரும். ஆனால் அங்கே போயிருந்து சாவைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அந்தச் சுல்தான் செத்துப் படுக்க இடம் கட்டினார், நான் உயிரோடு இருக்க ஒரு இடத்தைத் தேடிப்பிடித்திருக்கிறேன், உமக்குப் பக்கத்தில்.

ஆகவே கேட்கிறேன். பத்மா, என்னைக் கலியாணம் செய்வீரா? எனக்கு ஐம்பத்தைந்து வயது. சீனி வருத்தம் இல்லை. சமைப்பேன், மீன் வெட்டுவேன். குறட்டை விடுவேன், அது எனக்குக் கேட்காது. மதுஷா வேண்டாம் என்றால் வேண்டாம். அப்போதும் நான் உம்முடைய கூட்டாளிதான், கடிதம் எழுதுவேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
தியாகராசா

மனாமா
10 மார்ச் 2025

தியாகு,

கடிதத்தை ஒபிசில் வாசித்தேன். முகம் போன போக்கைப் பார்த்து, பக்கத்து மேசை ருக்கையா தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். உங்களை என்ன செய்தால் தகும்? கேட்டுவிட்டு, குவைத்துக்குத் திரும்பும்வரை வாயைத் திறக்காமல், ரயிலில் எனக்குக் கச்சான் கடலை உரித்துத் தந்துகொண்டு வந்தீர்களே!

வெட்கத்தை விட்டு மதுஷாவுக்குப் போன் எடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று நான் திணற, அவள் சிரிக்கிறாள். அன்றைக்கு அவளும் அளவு நாடாவோடு அதே சுவரடியில், தூரத்தில் குந்தியிருந்தவளாம். "அம்மா, அது விஸ்பரிங் கேலரி. உங்களுக்கு மட்டும் பிரைவேட் லைன் எண்டு நினைச்சனீங்களே? எனக்கும் கிளியராக் கேட்டது. அங்கிள் எப்ப கேட்பார் எண்டு நான் வெயிட் பண்ணிக்கொண்டிருக்கிறன்" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது.

அக்காவுக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் கத்தினாள். பிறகு கூறைச் சேலை என்ன நிறத்தில் எடுக்கிறாய் என்று கேட்டாள்.

மாட்டன் எண்டே சொல்லப்போறன்? ஓம், செய்வேன். நூறு தரம் ஓம்.

சாவகச்சேரியில் எனக்குச் சீதனமாய்த் தந்த காணி சும்மா கிடக்கிறது. கிணறு இருக்கிறது, மாமரங்கள் இருக்கின்றன. மதுஷா நேற்றே அதில் ஒரு வீடு வரையத் தொடங்கிவிட்டாள். இவ்வளவு நாளும் செத்த ராசாக்களின் கட்டடத்தை அளந்தவளுக்கு, உயிரோடு இருக்கிற ஆட்களுக்கு வரைவது இதுதான் முதல் தரம். தனக்கும் ஒரு அறை வைத்துக்கொண்டாள், கெட்டிக்காரி.

குசினி ஜன்னலைக் கிணற்றடிப் பக்கம் வைப்பதா, மாமரப் பக்கம் வைப்பதா என்று கேட்கிறாள். மீன் வெட்டப் போவது நீங்கள்தானே. கெதியாய் எழுதுங்கோ, அவள் பென்சிலோடு காத்திருக்கிறாள்.

உங்கள்,
பத்மா