மப்ளர் கட்டிய கைப்பிடி

இன்று காலை முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. தேயிலை உலர்த்தும் டிரையரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முற்பகலில் அப்டேட், மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. நீ போன அன்றும் இதே செய்திதான் வந்தது. அன்று தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கரின் போனுக்கு மட்டும் வந்து அங்கேயே கிடந்தது. நீ செத்த பிறகு சண்டை போட்டு என் நம்பரையும் சேர்க்க வைத்தேன். உன் சாவால் இந்தத் தேயிலைத் தொழிற்சாலையில், நம் ஸ்டோரில், மாறியது அது ஒன்றுதான்.

தகரப் பெட்டியைத் திறந்து உன் சிவப்பு மப்ளரை எடுத்தேன். தேயிலைத் தூளும் சூட்டுப் புகையும் கலந்த வாசம் இன்னும் போகவில்லை. உன் மனைவி மலர் அதைத் துவைக்காமலே என்னிடம் கொடுத்திருந்தாள். "வீட்டுல இருந்தா புள்ள எடுத்துப் போட்டுக்குறான். பாக்க முடியலண்ணே" என்றாள்.

டிரையருக்கு அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொருத்திய நாள் உனக்கு ஞாபகமிருக்கும். டிரையரின் சூட்டையும், தட்டுகளை இழுக்கும் சங்கிலியின் வேகத்தையும் இனிக் கொழும்பிலிருந்தே மாற்றலாம், பெட்டிக்குள் இருக்கும் நிரலையே இணையம் வழியாகப் புதிதாக ஏற்றலாம் என்று பொருத்த வந்தவர் விளக்கினார். நீ விளக்குமாற்றை ஊன்றி நின்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். "கொழும்புல இருந்தே ஓட்டுவானுகளாம். அப்ப அங்கருந்தே உள்ள பூந்து கூட்டவும் சொல்லுடா, கரண்டு துரை." எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்த நாளில் நீ வைத்த பெயர். வந்தவரும் சிரித்தார்.

டிரையரைக் கூட்ட உள்ளே போகிறவன் சுவரிலுள்ள இரும்புக் கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டு, தன் உடம்பில் கிடக்கும் ஒரு துணியை அதில் கட்டிவிட்டுப் போவான். அவனே வெளியே வந்து அவிழ்க்கும்வரை தோட்டத்தை நடத்தும் துரையே ஆனாலும் அதைத் தொடமாட்டார். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனாலும் யாரும் மீறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

புதுப் பெட்டி வந்தபோது அந்தக் கைப்பிடியைக் கழற்றவில்லை, கம்பியை மட்டும் மாற்றினார்கள். முன்பு அது மின்சாரத்தையே வெட்டியது. இப்போது பெட்டியிடம் "நில்" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. கேட்பதும் கேட்காததும் பெட்டியின் இஷ்டம். மோட்டருக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் வேண்டும் என்று கேட்டேன். அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார்கள். உன்னிடமும் சொன்னேன். "துணி கட்டியிருக்குல்ல. அதை மீறி யாரு கை வைக்கப் போறா?" என்றாய். கை வைக்க ஒரு கையே தேவைப்படாது என்று உனக்குத் தோன்றவில்லை. நம் ஆட்கள் யாருக்குமே தோன்றவில்லை.

கொழுந்து வராத நாளாகப் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து அப்டேட் அனுப்புகிறார்கள். மெஷின் சும்மா இருப்பது அவர்களுக்கு வசதி. மெஷின் சும்மா இருக்கும் நாளில்தான் நாம் அதன் வயிற்றுக்குள் போகிறோம். இது அங்கே யாருக்கும் தெரியாது. இங்கே தெரிந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அன்று நீ மப்ளரைக் கட்டிவிட்டு உள்ளே போனாய். பெட்டி புது நிரலை ஏற்றிக்கொண்டு அணைந்து, மறுபடி எரிந்தது. கைப்பிடி என்று ஒன்று இருப்பதே அதன் நினைவில் இல்லை. சங்கிலி நகர்ந்தது. நான் அப்போது பங்களாவில் துரை குளிக்கும் வெந்நீர் ஹீட்டரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பச்சைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம். நான் ஓடி வந்து மெயின் ஃபியூஸைப் பிடுங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு சடங்குக்காகத்தான்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று விசாரணையில் முடித்தார்கள். மலர் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "துணி கட்டியிருந்துச்சுங்களே. அப்புறம் எப்படிங்க ஓடும்?" பைலை மூடிவிட்டு எழுந்துபோனார்கள். இப்போது அவளுக்கு ஸ்டோரிலேயே வேலை. நீ வைத்துவிட்டுப் போன விளக்குமாறுதான். பெரிய மனசு பண்ணிக் கொடுத்ததாகப் பேசிக்கொள்கிறார்கள்.

இன்று செய்தியைப் பார்த்ததும் கொழும்புக்குப் பேசினேன். எடுத்தவர் நம் வயசுதான் இருப்பார்.

"அண்ணன், என் ஸ்கிரீன்ல உங்க ஸ்டோர் ஒரு பச்சைப் புள்ளி. பச்சையா இருந்தா அப்டேட் தானா போயிரும். நடுவுல கரண்ட வெட்டிராதீங்க, பெட்டி செத்துரும்."

"டிரையருக்குள்ள ஆளு இருந்தா?"

"அது எப்படி அண்ணன் எனக்குத் தெரியும்?"

கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்டோருக்குள் போனபோது இரண்டு பேர் விளக்குமாற்றோடு டிரையர் பக்கத்தில் நின்றார்கள். ஒருவன் இடுப்புத் துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், உடனே கூட்ட வேண்டும் என்று டீமேக்கர் அவசரப்படுத்தினார்.

"அப்டேட் முடியட்டும் சார்."

"கைப்பிடிய இழுத்துட்டுப் போகச் சொல்லு. அதெல்லாம் சரி பண்ணியாச்சுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப நீங்க உள்ள போங்க சார். நான் வெளிய நிக்கிறேன்."

அவர் முகம் கறுத்தது. "நீ என்ன, யூனியன் தலைவரா?"

துண்டை அவிழ்த்தவன் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். "துணி கட்டிட்டுத்தானேண்ணே போறோம்."

கைப்பிடியைக் கீழே இழுத்து உன் மப்ளரைக் கட்டினேன். அது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். விளக்குமாறுகளைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே நடந்தார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் டீமேக்கரும் வந்து வாசலில் நின்றார்.

எல்லோரும் முற்றத்தில் காத்து நின்றோம். கீழே ஹாலிஎலப் பக்கமிருந்து ஒரு பஸ் ஹாரன் கேட்டது. பிறகு உள்ளே ஒரு கிளிக். சங்கிலி இழுபடும் சத்தம். ஆளில்லாத ஸ்டோருக்குள் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து நகர்ந்தன. மலர் என் பக்கத்தில் நின்றாள்.

"துணி கட்டித்தான இருக்கு?"

"கட்டித்தான் இருக்கு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். விசாரணையில் கேட்ட கேள்விக்கு இன்றுதான் பதில் கிடைத்தது. துண்டுக்காரன் குந்தி உட்கார்ந்து தரையையே பார்த்தான்.

அப்டேட் முடிந்தது என்று போனில் வந்ததும் உள்ளே போய் மெயின் ஃபியூஸைக் கழற்றினேன். தட்டுகள் நின்றன. கைப்பிடியிலிருந்து மப்ளரையும் அவிழ்த்துக்கொண்டேன். மோட்டருக்குத் தனி சுவிட்ச் போடும்வரை ஃபியூஸைத் தரமாட்டேன் என்று டீமேக்கரிடம் சொல்லிவிட்டு லயத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். அடுத்து துரை கூப்பிடுவார், அதற்கடுத்து போலீஸ் வரலாம். நாளைக்கு எனக்கு வேலை இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஃபியூஸ் என் மடியில் இருக்கிறது. உன் மப்ளரில் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறேன். அந்தத் துணி இப்போதுதான் உண்மையில் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறது. யார் வந்து கேட்டாலும் நான் அவிழ்க்கப் போவதில்லை. கட்டியவன்தானே அவிழ்க்க வேண்டும்.