பெயிண்ட் டப்பாவைத் தொடாதீங்க

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். நாலு மணிக்குப் பழைய சாமான்காரர் ரெண்டு தையல் மிஷின் கொண்டு வருவார். எனக்குக் கடையில தையல் வேலை முடிய ஏழாகும். வேற வழியில்லாம உங்களையே பாத்து ஒண்ணை வாங்கச் சொல்றேன்.

எது பளபளன்னு இருக்குன்னு பாக்காதீங்க. சக்கரத்தைக் கையால சுத்துங்க. ஊசி எங்கேயும் சிக்காம ஏறி இறங்கினா அதுதான் நமக்கு. துரு இருந்தா நான் தேச்சுக்கறேன். இரும்புல விரிசல் இருந்தா மட்டும் வாசலோட அனுப்பிடுங்க.

வாங்கின கையோட பெயிண்ட் அடிக்க உக்காராதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன்! வீட்டுல இருக்கற என் பழைய மிஷின் நல்லா ஓடிட்டிருந்தது. எனக்குப் பிடிக்கும்னு நினைச்சு, எண்ணெய் விடற ஓட்டையெல்லாம் அடைச்சுப் பச்சை அடிச்சு வெச்சீங்க. இப்போ இறுகிப்போய்க் கிடக்கு. நேத்து கத்தினது அதுக்குத்தான். கத்தினதை வாபஸ் வாங்கறதா இல்ல.

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

இடமில்லை, ஓரத்துல எழுதறேன்: ரெண்டுல எதுன்னு குழம்பினா நம்ம கல்யாணத்தை நினைச்சுக்குங்க. நான் என்ன, பெயிண்டைப் பாத்தா உங்களைக் கட்டிக்கிட்டேன்?