ஓ.பி. சீட்டிலுள்ள "மூலம்" என்ற சொல்லை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
ஜெயம் கலியமூர்த்தி,
வைத்திக்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
நன்னலம் மருத்துவமனை, புதுச்சேரி.

பொருள்: என் தங்கை கமலாவின் (வயது 47) சீட்டைத் திருத்தி, குடல் பரிசோதனை நாளை முன்னுக்குக் கொண்டுவர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். செய்தித்தாளையும் அரசாணைகளையும் பார்த்து எழுதிப் பழகி, முப்பது ஆண்டுகளாக எங்கள் குப்பத்தாருக்கு மனு எழுதித் தருபவள் என்பதைப் பணிவுடனும் பெருமையுடனும் தெரிவித்துக்கொள்கிறேன். இம்மனுவில் குற்றம் சாட்டப்பட வேண்டியவர்களில் முதலாவதாக என்னையே குறிப்பிடுகிறேன்.

1. கமலா மீன் விற்பவள். கடந்த பிப்ரவரி 10 அன்று தங்கள் புறநோயாளிகள் பிரிவில் மருத்துவர் என்ன தொந்தரவு என வினவியபோது, "ரத்தமா போவுது" என்று தொடங்கினாள். பின்னால் ஆண்கள் நின்றிருந்தனர். நான் குறுக்கிட்டு, "மூல உபாதை, ஐயா" என்று கண்ணியமாகக் கூறினேன். வெளியே வந்ததும் அவள், "உன் தமிழ மடிச்சுப் பையில வையிக்கா, நோவு எனக்கு" என்றாள். அப்போது நான் சினந்துகொண்டேன்.

2. அச்சொல் சீட்டின் முதல் வரியில் ஏறியது. அடுத்து நான்கு முறை சென்றோம். ஒவ்வொரு முறையும் அந்த வரியைப் படித்துக் களிம்பே எழுதித் தந்தனர். ஏப்ரலில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.1; அதற்கு இரும்புச் சத்து மாத்திரை வழங்கப்பட்டது. இரத்தம் எங்கே போகிறது என எவரும் கேட்கவில்லை. இதற்குள் ஏழு கிலோ இளைத்துவிட்டாள். மீன் கூடையைப் பாதி வழியில் இறக்கிவைத்து உட்கார்ந்துவிடுகிறாள்.

3. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் காட்டும் சோதனையை வெளி ஆய்வகத்தில் நாங்களே செய்தோம். ஒரு குச்சி, ஒரு சிறு குப்பி, ஒரு நாள்; அவ்வளவே. முடிவு, தாளில் அச்சிட்ட வரம்புக்குப் பல மடங்கு மேல். இது புற்றுநோய் என்று தீர்ப்புச் சொல்லாது, ஆனால் யாரைக் காக்கவைக்கக் கூடாது என்று சொல்லும் என ஆய்வக மருத்துவர் விளக்கினார். அத்தாளைக் காட்டியும், சீட்டில் "மூலம்" என்றிருப்பதால் சாதாரண வரிசையில் வைத்து, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கு அக்டோபர் 14 என நாள் குறித்துள்ளனர்.

ஐயா, அது எந்த மருத்துவரும் சோதித்துக் கண்டறிந்த நோயன்று. நான் கூசிச் சொன்ன சொல். அதனை அடித்து, "இரத்தப்போக்கு, இரத்தசோகை, எடைக் குறைவு" என எழுதி, இம்மாதத்திற்குள் அவளுக்குக் குடல் பரிசோதனை செய்ய ஆணையிட வேண்டுகிறேன். இவ்வாறு வரும் எவருக்கும் இரத்தம், மலம் ஆகிய இவ்விரு எளிய சோதனைகளை முதல் நாளே செய்து, முடிவைக் கொண்டு வரிசை அமைக்கவும் வேண்டுகிறேன். மருத்துவரிடம் "மூலம்" என்றே சொல்லும்படி நான் கற்றுக்கொடுத்த பெண்கள் எங்கள் குப்பத்தில் இன்னும் பலர் உள்ளனர்.

இம்மனுவைக் கமலாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இத்தினி எழுதுனியே, நான் சொன்னத எழுதுனியா?" என்றாள். ஆகவே, அவள் கூற்றைத் திருத்தாமல் இங்கே தருகிறேன்:

"ரத்தமா போவுது சார். தை மாசத்துலேருந்து போவுது. அக்டோபர் வரைக்கும் தாங்க மாட்டேன். சீக்கிரம் பாருங்க சார்."

இணைப்பு: ஓ.பி. சீட்டு நகல், இரத்த, மலப் பரிசோதனை முடிவுகள்.

இடம்: புதுச்சேரி
நாள்: 11.06.2025

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
ஜெயம் கலியமூர்த்தி
(கமலாவின் அக்காள்)