தூணுக்குப் பின்னால் இருக்கும் சீட்

அன்பு மகள் போராமுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே பூசானில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே பெர்கன் மழையில் சளி பிடிக்காமல் நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வாரம் தவறாமல் வீடியோவில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அந்த வீடியோவில் என் முகம் கால்வாசி என்றால் உன் அப்பாவின் நெற்றி முக்கால்வாசி. அவர் இல்லாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடிகிறதா? இது அவர் காதுக்குப் போகக் கூடாத சமாசாரம். அதனால்தான் எழுதி, மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். இப்போது அவர் பொதுக்குளியல் கூடத்துக்குப் போயிருக்கிறார். வெந்நீரில் ஊறி, அங்கே இருப்பவர்களிடமெல்லாம் நம் பேஸ்பால் அணியின் பந்துவீச்சு சரியில்லை என்று சொல்லி முடித்து வருவதற்கு மத்தியானம் ஆகிவிடும்.

வாசலில் கமேலியா பூத்துவிட்டது. ஆட்டம் இல்லாத மாதங்களில் நம் சூப்புக் கடையில் கூட்டம் குறைவுதான், உனக்குத் தெரியாததா. ஆனால் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு கிண்ணம் பன்றி எலும்பு சூப்பை வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை பேஸ்பால் பேசுகிறவர்களுக்கு மட்டும் குறைவே இல்லை. அதில் முதல் ஆள் நம் டாக்ஸி பாங். டாக்ஸியை விற்றுவிட்டார், பேச்சை விற்கவில்லை. நேற்றும் அடுப்பில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் அண்ணி, வேணும்னா எழுதி வச்சுக்குங்க" என்றார். உனக்குப் பால்பல் விழுந்த வருஷம் நாம் கோப்பை வாங்கினோம், அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதையே சொல்கிறார். நம் அணியும் குளிர்காலத்தில் மட்டும் தவறாமல் ஜெயிக்கிறது. பனி உருகி ஆட்டம் தொடங்கினால்தான் தோல்வி.

இந்தக் குளிர்காலத்து ஜெயம் என்னவென்றால், சியோல் அணியிலிருந்து ஒரு பெரிய கேட்சரைப் பணத்தை வாரிக் கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருஷம் பந்தைப் பிடிக்க மட்டையடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்த முழங்கால் அது. முழங்காலைப் பற்றி எனக்குத் தெரியும், உன் அப்பாவோடு குடித்தனம் நடத்துகிறேன். பந்து வீச வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் புது பிட்சரையும் டிவியில் பார்த்தேன், ஆள் ஓங்குதாங்காக இருக்கிறார், ஆனால் எதையும் சாப்பிட மாட்டார் போலிருக்கிறது. ஜூலை புழுக்கத்தில் என்ன ஆகிறார் என்று பார்ப்போம். புதுச் சட்டையும் தைத்திருக்கிறார்கள், எழுத்தைப் பார்த்தால் பல் ஆஸ்பத்திரி போர்டு போல இருக்கிறது. இதையெல்லாம் நான் சொன்னால் உன் அப்பா, "சூப்பு கிண்டற கரண்டிக்கு பேஸ்பால் என்ன தெரியும்" என்பார். பிறகு நான் சொன்னதையே தன் கருத்தாக பாங்கிடம் சொல்வார்.

ஆனால் அந்தக் கேட்சர் சும்மா வரவில்லை. இந்த வழக்கம் உனக்கு மறந்திருக்கும். ஒரு அணியிலிருந்து பெரிய ஆளை எடுத்தால் அவர்களுக்குப் பதிலுக்கு ஒருவரைக் கொடுக்க வேண்டும். யாரை விடவே மாட்டோம் என்று நம் அணி ஒரு பட்டியல் கொடுக்கும், அதில் பேர் இல்லாதவர்களில் ஒருவரை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நம் ஆட்கள் மூளையைக் கசக்கிப் பட்டியல் போட்டார்கள். இன்னும் மீசை முளைக்காத பையன்களையெல்லாம் எழுதிவிட்டு, தாக் கிவானை விட்டுவிட்டார்கள். நம் தாக் கிவான்தான், இடது கை பிட்சர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அணிக்கு வந்து, நம் கடை மாடி அறையில் வாடகைக்கு இருந்தானே, என்னைச் சித்தி என்று கூப்பிட்டு, நீ உரித்து வைத்த பூண்டையெல்லாம் பச்சையாகத் தின்று தீர்ப்பானே, அவன். வயதாகிவிட்டது, தோளில் ஆபரேஷன் வேறு, இவனை எவன் எடுக்கப் போகிறான் என்று ஒரு கணக்கு. பாங்கும் அதையே சொன்னார், உன் அப்பாவும் தலையை ஆட்டினார். சியோல்காரர்கள் அவனைத்தான் எடுத்தார்கள். செய்தி வந்தபோது உன் அப்பா கையில் இருந்த முள்ளங்கிக் கிம்ச்சித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

மூட்டை கட்டியதும் கிவான் கடைக்கு வந்தான். வழக்கம்போலச் சூப்பில் உப்பு இறாலைக் கொட்டி, சோற்றைக் கவிழ்த்து, தலை நிமிராமல் சாப்பிட்டான். பாங் அவனைத் தேற்றுகிறேன் என்று, "சியோல்ல சம்பளம் கூட வரும்டா, இங்க இருந்தா ஊரே திட்டும்" என்றார். அவன் சிரித்தான். நான் கிண்ணத்தை எடுக்கப் போனபோது மெதுவாக, "பட்டியல்ல இடம் பத்தலன்னு விட்டிருந்தா பரவால்ல சித்தி. எவனும் எடுக்க மாட்டான்னு நெனச்சு விட்டாங்க பாருங்க, அதுதான் தாங்கல" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு நம் வீட்டு விஷயம்தான் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

போன மாதம் நீ வீடியோவில் என்ன சொன்னாய்? இந்த வருஷமும் கப்பல் வேலை முடியாது, வருவது சந்தேகம், இனிமேல் என் சீட்டுக்கு சீசன் டிக்கெட் வாங்காதீங்க, வீணாகக் காலியாகக் கிடக்கிறது என்றாய். நீ நல்லதை நினைத்துத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் உன் அப்பா முகம் எப்படிச் சுருங்கியது என்று உனக்கு அந்தச் சின்னத் திரையில் தெரிந்திருக்காது. "அவளே வேண்டாம்னுட்டா, விட்டுடு போராம் அம்மா" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டார். பழைய டிக்கெட்காரர்கள் புதுப்பிக்கும் வாரத்தில் எங்கள் இரண்டு பேர் சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்த பிறகு, நான் கேட்காமலே, "தூணுக்குப் பின்னால இருக்கற சீட்டு, அதை எவன் எடுக்கப் போறான், அவ வந்தா அன்னைக்கு வாங்கிக்கலாம்" என்றார். கிவானைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. புரிகிறதா, ஏன் எனக்கு இது ஞாபகம் வந்தது என்று?

அந்த சீட் என்ன சாதாரண சீட்டா. பேப்பரைக் கிழித்துக் கிழித்துக் குஞ்சம் கட்டி ஆட்டிய காலம் அது. உன் அப்பாவைக் காலையில் பேப்பர் படிக்கக்கூட விட மாட்டாய், அப்பா படித்தால் கசங்கிவிடும், குஞ்சம் நன்றாக வராது என்பாய். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் குப்பைக்கென்று கொடுக்கும் ஆரஞ்சுப் பையில் காற்றை ஊதி எல்லோரும் தலையில் கட்டிக்கொள்வோம், மைதானமே ஆரஞ்சாகிவிடும், உனக்கு அந்தப் பை கண்ணை மறைக்கும். முதல் பேஸில் நிற்கும் நம் ஆளை அவுட்டாக்க, எதிர் அணி பிட்சர் பந்தைத் திடீரென்று அங்கே வீசி ஏமாற்றப் பார்த்தால் ஊரே சேர்ந்து "டேய்!" என்று அதட்டும்போது உன் கீச்சுக் குரல் தனியாகக் கேட்கும். இப்போது பேப்பரும் இல்லை, பையும் இல்லை. ஆனால் கூட்டத்துக்குள் பந்து வந்து விழுந்து, அதைப் பெரியவர்கள் யாராவது பிடித்தால், "குழந்தைக்குக் குடு! குழந்தைக்குக் குடு!" என்று கத்துவது மட்டும் இன்னும் இருக்கிறது. கொடுக்காமல் அங்கே யாராலும் உட்கார முடியாது.

அந்தப் பந்து விஷயத்தை நீ மறந்திருக்க மாட்டாய். தூணில் பட்டுத் திரும்பிய பந்தை உன் அப்பா ஒற்றைக் கையால் பிடித்தார். அவர் வாழ்க்கையிலேயே பிடித்தது அந்த ஒன்றுதான். ஊரே "குழந்தைக்குக் குடு" என்று கத்துகிறது. அவர் பெருமையாகத் திரும்பிப் பார்த்தால் அவர் குழந்தை ஆரஞ்சுப் பையோடு என் மடியில் வாயைப் பிளந்து தூங்குகிறது. எழுப்பினார், நீ எழுந்திருக்கவில்லை. கத்தல் ஏறிக்கொண்டே போனது, மனுஷர் தடுமாறிப்போய் முன் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் கையில் கொடுத்துவிட்டார். காலையில் விஷயம் தெரிந்து நீ அவரோடு பேச்சை நிறுத்தினாய், அறுவடைப் பண்டிகைக்குப் புது உடை வாங்கிக் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தாய். அன்றிலிருந்து அவர், பந்து இன்னொரு தடவை அந்தத் தூணில் பட்டு வரும், போராம் முழித்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டுதான் அந்த சீட்டை விடாமல் வாங்கினார். நீ ஊரை விட்டுப் போன பிறகும், என் கைப்பையையும் உன் பழைய தொப்பியையும் அதில் வைத்து, யாராவது உட்கார வந்தால், ஆள் வருது என்று சொல்வார்.

அதனால் கிவான் போன மறுநாள், மிச்சமிருக்கும் சீட்டுகளைப் பொதுவில் விற்கத் தொடங்கிய காலையில், கடையை பாங்கிடம் ஒப்படைத்துவிட்டு, மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லி, மைதானத்துக் கவுன்ட்டருக்குப் போய் அந்தத் தூண் சீட்டை என் பெயரில் வாங்கிவிட்டேன். மீன் வாங்க மறந்துவிட்டேன், அதற்கு வேறு திட்டு. இரண்டு நாள் கழித்து உன் அப்பா போனில் பார்த்திருக்கிறார், அந்த சீட் போய்விட்டது என்று காட்டியிருக்கிறது. அவ்வளவுதான். "எவன்டா அந்த மடையன், தூணைப் பார்க்கறதுக்கு டிக்கெட் வாங்கினவன்? சியோல்காரனாத்தான் இருப்பான்" என்று காலையில் ஆரம்பித்தால் கடை சாத்தும் வரை அந்த மடையனுக்கு அர்ச்சனைதான். மடையன் பக்கத்திலேயே நின்று அவருக்கு வெங்காயத்தாள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நன்றாக வேகட்டும், அவளே வேண்டாம்னுட்டா என்று சொன்ன வாய்தானே என்று நானும் விட்டுவிட்டேன். சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் போன வியாழக்கிழமை கடையில் நிற்கும்போது எனக்கு ஒரு போன் வந்தது. கவுன்ட்டர் பெண். என் குடும்பப் பெயர் பியோ, அவருடையது ஓக், புருஷன் பெண்டாட்டி என்று அவளுக்கு எப்படித் தெரியும். "இங்க ஒரு ஐயா வந்திருக்காரும்மா, மழையில நனைஞ்சு நிக்கறாரு. உங்க தூண் சீட்டை அவருக்குத் தந்தா, நடைபாதை ஓரத்துல இருக்கற தன்னோட நல்ல சீட்டை உங்களுக்குத் தந்துடறாராம். எதுக்குங்கய்யான்னு கேட்டா, அது எம் பொண்ணு சீட்டும்மா, அவ வந்தா எங்க உக்காருவாங்கறாரு. அப்ப நீங்க எங்க உக்காருவீங்கன்னு கேட்டேன். எனக்கென்ன, படியில நின்னு பார்த்துக்கறேன்னு சொல்றாரும்மா" என்றாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, போராம்! வீட்டு மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து, முனகி முனகி ஏறுகிற மனுஷர். அடுப்பில் சூப்பு பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, "அந்த சீட்டுக்காரி வெளிநாட்டுல இருக்காம்மா, மாத்த முடியாது, ஐயாவை முதல்ல வீட்டுக்குப் போய்த் தலையைத் துவட்டச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வந்தார். முழங்கால் டாக்டரிடம் போயிருந்தேன், கூட்டம், திரும்பிவிட்டேன் என்று ஒரு பொய். கிண்ணத்தில் கறியை அள்ளிப் போட்டு வைத்தேன். "என்ன போராம் அம்மா, இன்னைக்குக் கறி தூக்கலா இருக்கு" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சாயங்காலம் பாங்கிடம், "முதல் ஆட்டத்தன்னைக்கு எல்லாருக்கும் முன்னால போய் உக்காரப் போறேன், அந்தத் தூண் சீட்டுக்காரன் மூஞ்சியை நான் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிட எனக்கு வாய் துடிக்கிறது, ஆனாலும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். உன் வேலை பெரிய வேலை, கப்பலை விட்டுவிட்டு வா என்று சொல்லும் அளவுக்கு நான் புத்தி கெட்டவள் இல்லை. ஒரு வாரம் போதும். மார்ச் கடைசி சனிக்கிழமைதான் முதல் ஆட்டம். எங்களுக்கு வயதாகிறது, உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்சலில் இருக்கும் கறுப்புக் கடற்பாசித் தாள் பாக்கெட்டைப் பிரித்தால் அதற்குள் அந்த சீட்டின் அட்டை இருக்கும். அவர் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, சண்டைக்குத் தயாராக அந்தத் தூணைச் சுற்றி எட்டிப் பார்ப்பார். அவர் பார்க்கிற மூஞ்சி உன்னுடையதாக இருக்கட்டும். பந்து வருகிறதோ இல்லையோ, நீ முழித்திரு.

மிளகாய்த்தூளை ஃப்ரிட்ஜில் வை, வெளியே வைத்தால் நிறம் போய்விடும். நெத்திலியை வறுக்கும்போது ஜன்னலைத் திற, போன தடவை போலப் பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிடப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சீட்டைப் பற்றி மூச்சு விடாதே, வருகிறாய் என்றால் மிளகாய்த்தூள் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்கிறேன். கை கால் சுகத்தோடு, நினைத்தது நடந்து, நீ நன்றாக இரு என் கண்ணே. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார், நிறுத்துகிறேன்.

உன் சீட்டைப் பிடித்து வைத்திருக்கும்
அம்மா,
பியோ மால்சூன்